கமிட்டி வண்டியின் சீட்

கரடிப்பாறை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைக் காலி செய்யச் சொல்லிக் கம்பெனி நோட்டீஸ் ஒட்டிய திங்கட்கிழமை காலையில், ஆஜர் எடுக்கிற மஸ்டர் கொட்டகைச் சுவரில் பசை காய்வதற்கு முன்பே, லாசர் தன் வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்துவந்து, முப்பத்தொன்பது வருஷமாக யாரும் திறக்காத சங்கக் கொட்டகையைத் திறந்தார். உள்ளே கிழிந்த தட்டிகளுக்கும் கறையான் தின்ற கொடிக்கம்புகளுக்கும் நடுவில் கமிட்டி வண்டி நின்றது. அறுபது சிசி இஞ்சின், ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு டாங்கி, இரண்டு பேர் நெருக்கி உட்காரும் சீட், அவ்வளவுதான் அந்த வண்டி; ஆனால் ஒரு காலத்தில் அதன் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டாலே பங்களாவில் மேனேஜர் துரை குடிக்கிற டீயைக் கீழே வைத்துவிடுவார் என்று சொல்வார்கள், அது உண்மையும்கூட.

நோட்டீஸில் எழுதியிருந்தது இதுதான்: மூன்று வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, அடிவாரத்து அலுவலகத்தில் விசாரணை, ஆட்சேபம் இருப்பவர்கள் தாங்களே நேரில் வந்து சொல்ல வேண்டும், வராதவர்கள் வீட்டைக் காலி செய்யச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளப்படும். மூன்று லயத்திலும் சேர்த்து நூற்று அறுபத்து மூன்று பேர். அடிவாரம் இருபத்தெட்டு கிலோமீட்டர். பதினாலு கொண்டை ஊசி வளைவு. எஸ்டேட் பஸ்ஸை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கணக்கைப் போட்டவன் கெட்டிக்காரன் என்பதை லாசர் ஒத்துக்கொண்டார். எதிரியின் கெட்டிக்காரத்தனத்தை ஒத்துக்கொள்ளாதவன் சங்கம் நடத்த முடியாது.

லாசருக்கு அறுபத்தொன்பது வயது. பள்ளிக்கூடம் போகாமல் சங்க நோட்டீஸ்களைப் பார்த்தே எழுத்துக் கற்றவர்; 'சுரண்டல்' என்ற சொல்லை அவர் எழுதக் கற்ற பிறகுதான் தன் பெயரை எழுதக் கற்றார். அவரோடு கொடி பிடித்தவர்களில் ஒருவன் கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்தான், ஒருவன் துரைக்குக் காய்கறி சப்ளை செய்தான், ஒருவன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆனான். நேராக நின்றது தான் ஒருவன்தான் என்று, நின்று கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வார், நிற்காமல் போகிறவர்களிடமும் சொல்வார். சங்கம் செத்துப் பல வருஷம் ஆன பிறகும் டிவிஷனில் அவருக்கு செக்ரட்டரி என்றுதான் பெயர்.

அவர் நேராகப் பிலோமினா வீட்டுக்குப் போனார். மருந்தடிக்கிற மெஷின்களையும் கொழுந்து வெட்டுகிற மெஷின்களையும் பழுது பார்ப்பது பிலோமினாதான். அவள் கை வைத்து ஓடாத சின்ன இஞ்சின் அந்த மலையில் இல்லை. ஒன்பதாம் வளைவில் டீக்கடை போட்டிருக்கும் சவரிமுத்துவின் மகள் அவள். சவரிமுத்து, பழைய ஸ்டிரைக்கின் முடிவில் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளாத பதினாலு பேரில் ஏழாவது ஆள்.

"வண்டிய ஓட வெச்சிட்டா போதும்மா," என்றார் லாசர். "எல்லாருக்காகவும் நான் ஒருத்தனே போய்ப் பேசிட்டு வந்துருவேன்."

"தாங்களே நேரில்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கான். நீங்க ஒருத்தரே போய் நூத்தி அறுபத்து மூணு பேரா எப்படி நிப்பீங்க மாமா?"

"மொதல்ல வண்டி ஓடட்டும்."

பிலோமினா வண்டியைச் சுற்றி வந்தாள். சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் வெல்லப்பாகு மாதிரி இறுகியிருந்தது. சைலன்சரைக் கழற்றி விறகடுப்பில் போட்டு எரித்தாள். பிளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் விட்டாள். பாயின்ட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாள். மருந்து மெஷினின் பிளக்கைக் கழற்றி இதில் மாட்டினாள். டாங்கிக்குள் அப்பிக்கிடந்த துருவுக்குத்தான் நல்ல யோசனை வேண்டியிருந்தது: டாங்கியில் இரண்டு படி கூழாங்கல்லைப் போட்டு மூடி, கொழுந்தெடுக்கப் போகும் தங்கபுஷ்பத்தின் முதுகில் கூடைக்குப் பதிலாகக் கட்டிவிட்டாள். தங்கபுஷ்பம் குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, மூன்று நாள் மலைச்சரிவில் கொழுந்தெடுத்தாள். அவள் பறித்த கொழுந்தைப் பக்கத்து நிரைக்காரிகள் தங்கள் கூடையில் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மாலை டாங்கியைத் திறந்தபோது உள்ளே எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளத்தது.

பிஸ்டன் வெளியே வந்தபோது பிலோமினா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"அன்னைக்கு ஸ்டிரைக்கப்போ இஞ்சின் ஜாம் ஆகி நின்னுச்சுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"ஜாம் ஆன பிஸ்டன்ல கோடு விழுந்திருக்கும் மாமா. இதுல ஒரு கீறல் இல்ல."

"நீ வேலையப் பாரு," என்றார் லாசர்.

அவள் வேலையைப் பார்த்தாள். பத்தாம் நாள் எல்லாம் பூட்டி முடித்து, லாசர் ஏறி உட்கார்ந்து உதைத்தார். பொறி வந்தது, பெட்ரோல் வந்தது, அழுத்தம் இருந்தது, வண்டி மட்டும் ஓடவில்லை. நாற்பது உதை உதைத்தார். சத்தத்தைக் கிட்டத்தில் கேட்கலாம் என்று பிலோமினா பின்சீட்டில் ஏறிக் குனிந்து காதை வைத்தாள், நாற்பத்தொன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. அவள் இறங்கினாள், நின்றது. ஏறினாள், ஓடியது.

டாங்கியின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் பாதி அழிந்திருந்த எழுத்தை அவள் துணியால் துடைத்தாள். 'இருவராகவே செல்க.' அது கமிட்டியின் தீர்மானம். ஒவ்வொரு எஸ்டேட்டிலும் எவனாவது ஒரு தலைவன் தனியாகப் பங்களாவுக்குப் போய், டீ குடித்து, வேறு ஆளாகத் திரும்பி வந்த கதை இருந்ததால், கமிட்டி வண்டியில் ஒருவர் மட்டும் போகக் கூடாது என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, டாங்கியிலும் பெயின்ட் அடித்தார்கள். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் லாசர். அதை மீறியவரும் லாசர். ஸ்டிரைக்கின் நாற்பத்தோராம் நாள், இந்த மலையில் உறுதியான ஆள் தான் ஒருவன்தான் என்ற நினைப்பில், கூட வர வேண்டியிருந்து காய்ச்சலில் கிடந்த ஞானமுத்துவுக்குப் பதிலாக இன்னொருவரைக் கூப்பிடாமல், தனியாகக் கீழே இறங்கிப் போய், பதினாலு தற்காலிகத் தொழிலாளர்களைக் கழித்துவிட்டு மற்றவர்களுக்குக் கூலி உயர்வு என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது ஒன்பதாம் வளைவில் வண்டி நின்றது. ஞானமுத்துவும் கூட வந்தார் என்று ஊருக்குச் சொன்னார். ஞானமுத்து அடுத்த வருஷம் செத்துப்போனதால் அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

வண்டிச் சத்தம் கேட்டுத் தங்கபுஷ்பம் ஓடிவந்தாள். "டாங்கிய நான் மூணு நாள் சொமந்தேன். என்னை அது கொஞ்ச தூரம் சொமக்காதா?" என்று பிலோமினாவுக்குப் பின்னால் ஏறினாள். இடம் இருந்தது. அவள் தங்கச்சி ஏறினாள், இடம் இருந்தது. தங்கச்சியின் புருஷன் கைக்குழந்தையோடு ஏறினான், இடம் இருந்தது. கொழுந்து அரைக்கிற டீ ஸ்டோர் வரை போய்ச் சேரும்போது வண்டியில் பதினோரு பேர் இருந்தார்கள். ஏற ஏற சீட் நீண்டது, இறங்க இறங்கச் சுருங்கியது. பிலோமினா இறங்கி ஸ்பேனரால் சீட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"ரெக்சின் கிழியல. ஸ்பிரிங் தாங்குது. அப்புறமென்ன?" என்றாள்.

அப்புறம் ஒன்றுமில்லை, டிவிஷன் அந்த வண்டிக்குப் பழகிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அறுபது பேர் அதில்தான் போனார்கள், மேல் பஜாருக்கு ரேஷன் வாங்க அதில்தான் போனார்கள், மேல் டிவிஷனில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மேளக்காரர்களோடு அதில்தான் போனார்கள், தவில்காரர் மட்டும் வளைவில் அடிக்கக் கூடாது என்று பிலோமினா சொல்லிவைத்திருந்தாள். வாலில் உட்காருகிறவர்களுக்குப் புழுதி அதிகம் என்பதால் வால் இடத்துக்கு முறை வைத்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் நடுவில் ஐந்து பேரை விட்டு உட்கார்ந்தார்கள். ஆனால் வளைவில் திரும்பும்போது முன்னால் இருப்பவரின் இடுப்பைப் பிடிக்காவிட்டால் பின்னால் இருக்கிற மொத்தப் பேரும் பள்ளத்தில்தான்; ஆகவே ஒரு சொம்புத் தண்ணீர்கூட மாற்றி வாங்காத முதல் லயத்துக்காரர்களும் மூன்றாம் லயத்துக்காரர்களும், கொஞ்ச நாள் முறைத்துவிட்டு, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்தார்கள். சங்கம் இருபது வருஷம் நோட்டீஸ் அடித்தும் நடக்காத காரியம் இரண்டாம் கியரில் நடந்தது.

மேல் செக்போஸ்ட்டில் ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எத்தன பேருய்யா?"

"இன்னைக்கு எழுபத்திரண்டு," என்றார் லாசர்.

"ட்ரிபிள்ஸ் போறதே தப்பு, தெரியுமில்ல?"

"மூணு பேர் போனாத் தப்புன்னு சட்டத்துல இருக்கு. நான் ஒத்துக்கறேன். எழுபத்திரண்டு பேருக்கு எந்தப் பிரிவுன்னு எடுத்துச் சொல்லுங்க, சலான்ல கையெழுத்துப் போடுறேன்."

கான்ஸ்டபிள் புத்தகத்தை எடுத்து முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் புரட்டினார். எழுபத்திரண்டு பேருக்குப் பிரிவு இல்லை. "ஹெல்மெட் போட்டுப் போங்க பெரியவரே," என்று அனுப்பிவைத்தார். அடுத்த வாரம் அவர் மாமியாரும் அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்.

ஒன்று மட்டும் எல்லாரும் கவனித்தார்கள். லாசர் வண்டியை மேலே எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோனார். மலையை விட்டுக் கீழே மட்டும் இறக்கவில்லை. பிரேக் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை என்றார். பிரேக்கைப் புதிதாகக் கட்டியவள் பிலோமினா.

விசாரணை நாளன்று எஸ்டேட் லாரிகளின் சாவிகளை வாங்கி வைத்துக்கொண்ட கம்பெனி, மேல் பஜாரின் வாடகை ஜீப்புகளையும் வேறு வேலைக்கு என்று மொத்தமாகப் பிடித்துவிட்டது. வண்டியைப் பற்றித் துரைக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லித்தான் இருந்தார்கள்; அறுபது சிசி இஞ்சின் நூற்று அறுபத்து மூன்று பேரை இழுக்காது என்று அவர் பேப்பரில் கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டு நிம்மதியாக முன்னாடியே காரில் இறங்கிப் போய்விட்டார். காலை ஏழு மணிக்கு மஸ்டர் கொட்டகை முன்னால் லாசர் உட்கார, பின்னால் பிலோமினா உட்கார, அவளுக்குப் பின்னால் ஒரு லயத்துக்குப் பின் ஒரு லயமாக, கைக்குழந்தையும் தூக்குவாளியும் ரேஷன் கார்டும் ஊன்றுகோலுமாக எல்லாரும் ஏறினார்கள். சீட் நீண்டு நீண்டு மருந்துக் கொட்டகையைத் தாண்டியது. ஒரே உதையில் வண்டி பிடித்தது.

பதினாலாம் வளைவு, பதிமூன்று, பன்னிரண்டு. வளைவுகளில் முன்சக்கரம் கீழ்ச்சாலையில் போக, வாலில் இருந்தவர்கள் மேல்சாலையில் இருந்தபடி முன்னால் இருப்பவர்களின் தலையைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். பதினொன்று, பத்து. ஒன்பதாம் வளைவில், சவரிமுத்துவின் டீக்கடைக்கு நேராக, இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பிலோமினா இறங்கிப் பிளக்கைக் கழற்றினாள், பார்த்தாள், மறுபடியும் மாட்டினாள். "பொறி இருக்கு, பெட்ரோல் இருக்கு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க நின்னுருக்குன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கையில ஸ்பேனர்தான் இருக்கு மாமா. இதுக்கு மேல உங்க வேல," என்றாள்.

சவரிமுத்து கடைக்குள் கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன லாசரு, நின்னுருச்சா?"

"நின்னுருச்சு."

"அன்னைக்கும் இதே எடம்தான்."

அன்றைக்குச் சவரிமுத்து இதே வளைவில், டீ ஏற்றிய லாரி இறங்காமல் மறிக்கக் காவல் உட்கார்ந்திருந்தார். செக்ரட்டரி தனியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து, ஒரு கேள்வி கேட்காமல், ஐந்து வளைவும் கூடவே தள்ளிக்கொண்டு மேலே வந்து சேர்த்தார். தன் பெயர் லாசரின் சட்டைப் பையிலிருந்த ஒப்பந்தத்தில், ஏழாவது வரியில், மடிந்து கிடப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும், லாசர் தனியாகத்தான் வந்தார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சங்கம் அன்றைக்கே உடைந்திருக்கும்.

லாசர் வண்டியிலிருந்து இறங்கினார். பின்னால் திரும்பி, மேடையில் நிற்பது மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, "தோழர்களே," என்று ஆரம்பித்தார். அந்தக் குரல் அடுத்த வார்த்தைக்கு உதவவில்லை. சாதாரணக் குரலில் சொன்னார்.

"அன்னைக்கு நான் தனியாத்தான் போனேன். ஞானமுத்து வரல. பதினாலு பேரக் கழிச்சு விட்டுட்டுக் கையெழுத்துப் போட்டது நான் ஒருத்தன். அதுல சவரிமுத்துவும் ஒருத்தன். மேல வரைக்கும் என்கூட வண்டி தள்ளினான், அப்பவும் நான் சொல்லல."

முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். செய்தி தண்ணீர் வாளி கைமாறுவது மாதிரி சீட்டின் மேலேயே கைமாறிக் கைமாறி, வளைவில் திரும்பி, மேல்சாலையில் வால் வரைக்கும் போனது. பிறகு பதில் அதே வழியாக இறங்கி வந்தது. தங்கபுஷ்பம் அதை வாங்கி லாசரிடம் சொன்னாள்.

"அது எங்களுக்கு எப்பவோ தெரியுமாம். மணி எட்டே முக்கால் ஆச்சாம். அதையும் சொல்லச் சொன்னாங்க."

முப்பத்தொன்பது வருஷமாகத் தான் ஒருவனே சுமப்பதாக நினைத்திருந்ததை ஊரே சுமந்திருக்கிறது என்பது லாசருக்குக் கோபமாகத்தான் வந்தது. கோபப்பட நேரம் இல்லை. கடை வாசலுக்குப் போய் நின்றார்.

"சவரிமுத்து. ஏறு."

சவரிமுத்து கழுவிய கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். இன்னொன்றை எடுத்துக் கழுவினார். அதையும் கவிழ்த்து வைத்தார். அடுப்பில் தண்ணீர் தெளித்தார். நூற்று அறுபத்து மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"எடம் இருக்கா?"

"இருக்கு."

"பின்னால ஒக்காந்து ஒன் முதுகப் பாத்துட்டு வர எனக்கு ஆசையில்ல. முன்னால ஒக்காருறேன்."

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தள்ளத் தெரியும்னு ஒனக்குத் தெரியும். ஓட்டவும் தெரியும்."

லாசர் ஹேண்டில்பாரிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இரண்டாவதாக உட்காரலாம் என்று திரும்பினால் அங்கே பிலோமினா ஏறி உட்கார்ந்து அப்பாவின் இடுப்பைப் பிடித்திருந்தாள். "மன்னிச்சுட்டோம்னு நெனச்சுக்காதீங்க மாமா," என்றாள், "வண்டி போகணும்." மூன்றாவதாகத் தங்கபுஷ்பம் இருந்தாள். அவள் நகரவில்லை. அதற்குப் பின்னாலும் யாரும் நகரவில்லை. எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையைத் தவிர வேறு இடத்தில் உட்கார்ந்தறியாத லாசர், ஒவ்வொருவராகக் கடந்து, வளைவைச் சுற்றி, மூச்சு வாங்க மேல்சாலை ஏறி, அத்தனை பேருக்கும் கடைசியில் இருந்த புழுதி இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"இடுப்பப் பிடிங்க செக்ரட்டரி," என்றான் முன்னால் இருந்தவன். பிடித்தார். கீழே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், வண்டி ஒரே உதையில் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

அடிவாரத்து அலுவலகத்தில் மேஜை மேல் உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருந்தது, அதிகாரி கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. துரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கமிட்டி வண்டி கேட்டுக்குள் நுழைந்தது. அதன் முன்சக்கரம் அலுவலகப் படிக்கட்டைத் தொட்டபோது வால் பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டவில்லை. ஹாலில் இவ்வளவு பேர் கொள்ள மாட்டார்கள் என்று அதிகாரி வராந்தாவுக்கு வந்து நின்று பட்டியலை வாசித்தார். முதல் லயம், முதல் வீடு, தங்கபுஷ்பம். "இருக்கேன்," என்று இறங்கிப் போய் ஆட்சேபத்தில் கைநாட்டு வைத்தாள். இருக்கேன், இருக்கேன், இருக்கேன் என்று ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள், ஒருவர் இறங்க ஒருவர் இறங்க சீட் சுருங்கியது, சுருங்கச் சுருங்க வால் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெருவுக்கும், கடைத்தெருவிலிருந்து கேட்டுக்கும், கேட்டிலிருந்து வேப்பமரத்தடிக்கும் இழுபட்டு இழுபட்டு வந்தது. நூற்றுப் பத்தாவது பெயரில் துரை எழுந்து காருக்குப் போனார். நூற்று அறுபத்திரண்டாவது பெயராகப் பிலோமினா இறங்கிப் போனபோது, வண்டியில் சவரிமுத்துவும் அவருக்குப் பின்னால் புழுதியில் செவ்வெறும்பு நிறமாகிவிட்ட லாசரும் மட்டும் இருந்தார்கள்.

"மூன்றாம் லயம், கடைசி வீடு. லாசர்."

பேச எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுகிற லாசர், "இருக்கேன்," என்றார்.

அதிகாரி டைப் அடித்து வைத்திருந்த உத்தரவை எடுத்து, நீளவாக்கில் கிழித்து, 'அனைவரும் ஆஜர், அனைவரும் ஆட்சேபம்' என்று பேரேட்டில் எழுதினார். கையெழுத்துப் போட இறங்கலாம் என்று லாசர் ஒரு காலைத் தூக்கினார். இஞ்சின் சத்தம் ஒரு தடவை தடுமாறியது.

சவரிமுத்து திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"எறங்காத. பேரேட்ட இங்க கொண்டாரச் சொல்லு. மேல வரைக்கும் தள்ள எனக்கு இப்ப வயசில்ல."

பிலோமினா பேரேட்டை வாங்கி வண்டிக்குக் கொண்டுவந்தாள். லாசர் ஒரு கையால் சவரிமுத்துவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கையெழுத்துப் போட்டார்.